பழைய வானொலிப் பெட்டியும் பதிப்பாசிரியர் கடமையும்

நம் பாட்டன்மார் காலத்து வால்வு வானொலிப் பெட்டிகளைப் பரணினின்றும் இறக்கித் தூசி துடைத்துக் கூடத்தில் வைக்கும் வழக்கம் அண்மைக் காலத்தே நம் ஊர்களிலும் பரவி வருகின்றது. முன்னர்ப் பழைய இரும்புக் கடையில் எடைபோட்டு விற்கப்பட்ட பொருளை இப்பொழுது விலை கொடுத்துத் தேடுவார் உளர் என்பது மகிழ்தற்குரியதே. ஆயினும், அவ்வாறு தேடிப் பெற்றவர் யாவரும் அதனை ஒரு தன்மையாகப் பேணுகின்றாரல்லர். ஒரு சாரார் பெட்டியின் பின்பலகையைக் கழற்றி, வால்வு, சுருள், மின்மாற்றி ஆகிய உள்ளீடு அனைத்தையும் பிடுங்கி எறிந்து, அவ்விடத்தே உள்ளங்கையளவான புளூடூத் பலகை ஒன்றைப் பொருத்திக் கைப்பேசியிலுள்ள பாட்டை அதன் வாயிலாகக் கேட்டு, பாட்டனார் வானொலிக்குப் புத்துயிர் அளித்தோம் என்று பெருமிதங் கொள்வர். மற்றொரு சாரார், கெட்ட உறுப்பு இன்னதென ஆராய்ந்து கண்டு, அதனை மட்டும் மாற்றி, எஞ்சியவற்றை இருந்தவாறே இருக்கவிட்டு, அப்பெட்டி தானே வானலையைப் பற்றித் தானே பேசுமாறு செய்வர். முன்னவர் செயல் மீட்பன்று, அழிவேயாம் என்பது எமது துணிபு. வெளியே அழகுடைத்தாய் உள்ளே உயிரற்றதாய் இருக்குங் கல்லறையை நம் ஆண்டவர் எடுத்துக்காட்டியது வேறொரு கூட்டத்தாரைக் குறித்தேயாயினும், உள்ளீடு பறிக்கப்பட்டு மெருகிடப்பட்ட இப்பெட்டிகளைக் காணுந்தோறும் அவ்வுவமை எமக்கு நினைவு வாராமற் போவதில்லை.

தமிழ் மாணவர்க்கு இதில் என்ன தொடர்பு என்று சிலர் வினவக்கூடும். பௌதிக மாணவர் எழுதவேண்டியதைத் தமிழ் மாணவர் எழுதப் புகுந்தது ஏன் என்று எம் விடுதி நண்பர் ஒருவர் நகைத்ததும் உண்டு. அதற்கு விடை இக்கட்டுரையின் இடையே தானே வெளிப்படும்.

வானொலி நம் நாட்டிற்கு வந்த வரலாற்றைச் சுருங்கக் கூறுதும். 1924 ஆம் ஆண்டு மே மாதம் 16 ஆம் நாள் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முதலியோர் சென்னையில் மாகாண வானொலிக் கழகத்தை நிறுவி, அவ்வாண்டு ஜூலை 31 ஆம் நாள் முதல் ஒலிபரப்பினர். அரசாங்கம் இத்துறையில் அடியெடுத்து வைக்குமுன்னர் ஆர்வலர் சிலர் கூடிச் செய்த முயற்சி அது. பொருள் முட்டுப்பாட்டால் 1927 இல் அம்முயற்சி நின்றது. அவர்தம் கருவியைச் சென்னை நகராண்மைக் கழகத்தார் ஏற்று, 1930 ஏப்ரல் முதல் நாளிலிருந்து தாமே ஒலிபரப்பலாயினர். கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்து, பெட்டி வாங்க இயலாதாரும் கேட்கச் செய்தனர். அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16 ஆம் நாளும், திருச்சிராப்பள்ளி நிலையம் 1939 மே 16 ஆம் நாளும் தொடங்கின. தென்னார்க்காட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த நம் கள்ளக்குறிச்சிக்கு இவ்விரு நிலையங்களுக்கும் இடைப்பட்ட ஊர் என்னும் பேறு வாய்த்தது. இவ்வூர் பின்னர் 1993 இல் விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்து, 2019 நவம்பர் 26 ஆம் நாள் தானே ஒரு மாவட்டத் தலைநகராயிற்று. மாவட்டத்தின் பெயர் மாறியும், பெட்டியின் முகப்புக் கண்ணாடியில் எழுதப்பட்ட ஊர்ப்பெயர்கள் மட்டும் மாறாமலே இருந்துவிட்டன.

அக்காலத்து வானொலி வைத்திருத்தல் எளிதான செயலன்று. வீட்டிற்கு மின்சாரம் வேண்டும். பைக்காரா நீர்மின் நிலையம் 1932 இலும், மேட்டூர் நிலையம் 1937 இலும் இயங்கத் தொடங்கினவேனும், கம்பி நம் சிற்றூர்கட்கு வந்து சேரப் பல்லாண்டுகள் சென்றன. கம்பி எட்டாத ஊரிற் பெட்டி வைக்க விரும்பியவர், இழைகளைச் சூடேற்ற ஒன்றரை வோல்ட்டு மின்கலமும், மேல்மின்னழுத்தத்திற்குத் தொண்ணூறு வோல்ட்டு உலர்மின்கலத் தொகுதியும் வாங்கவேண்டும். அவை தீர்ந்துழி மீண்டும் வாங்கவேண்டும். இதன்மேலும், அஞ்சல் நிலையத்தில் ஆண்டுதோறும் பணங்கட்டி உரிமம் பெறுதல் வேண்டும். 1980களின் நடுப்பகுதியில் இவ்வுரிமம் முற்றும் ஒழிக்கப்படும் வரை, உரிமப் புத்தகமின்றிப் பெட்டி வைத்தல் குற்றமாம். இத்தனை இடர்ப்பாட்டினூடே ஒரு குடும்பத்தார் ஒரு பெட்டியைப் பெற்றனராயின், அஃது அவர்க்கு வெறும் பாட்டுப்பெட்டியாய் இருந்திராது. தெருவார் திண்ணையிற் கூடிச் செய்தி கேட்டதும், பஞ்சாயத்து வானொலியின் கூம்பு ஒலிபெருக்கியின் கீழ் உழவர் அமர்ந்து நெல் விலையும் மழைக் குறிப்பும் கேட்டதும் முதியோர் இன்றும் சொல்லக் கேட்கின்றோம். எம் இல்லத்துப் பெட்டியினுள்ளே பழைய உரிமப் புத்தகம் ஒன்று தபால் முத்திரைகளோடு கிடைத்தது. உள்ளீட்டைப் பிடுங்கி எறிவோர் கையில் முதலில் குப்பைக்குச் செல்வது இத்தகைய தாளே.

இனி, பெட்டியின் உள்ளே இருப்பது யாது என்று சிறிது காண்போம். வால்வு என்பது காற்று முற்றும் நீக்கப்பெற்ற கண்ணாடிக் குமிழ். அதனுள்ளே பேரியம், ஸ்ட்ரான்சியம் என்னும் உலோகங்களின் ஆக்சைடு பூசப்பெற்ற சிறு குழலொன்று சூடேறிச் செந்தணல் போல் ஒளிரும். அச்சூட்டினால் அதனினின்றும் எலெக்ட்ரான்கள் வெளிப்பட்டு, ஏறத்தாழ இருநூறு வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர்மின்னழுத்தமுடைய தகட்டை நோக்கி ஓடும். இவ்விரண்டுறுப்பு வால்வை 1904 இல் பிளெமிங் என்பார் கண்டார். இரண்டிற்கும் இடையே கம்பி வலையொன்றை வைத்தால் அவ்வோட்டத்தைக் கூட்டவுங் குறைக்கவும் ஆகும் என்பதை 1906 இல் டி பாரஸ்ட் என்பார் காட்டினார். கச்சிராயபாளையத்தை அடுத்த கோமுகி அணையின் மதகைக் கண்டவர்க்கு இதனை விளக்குதல் எளிது. மதகுப் பலகையை ஒருவன் சிறிதே தூக்கவுந் தாழ்த்தவும், கால்வாயிற் பெருநீர் கூடியுங் குறைந்தும் ஓடுகின்றதன்றோ? வானினின்று வரும் மெல்லிய அலை, அம்மதகுப் பலகையை அசைக்குங் கை. வால்வினூடே ஓடும் மின்னோட்டம் கால்வாய் நீர். அலை தானே ஒலிபெருக்கியை அசைப்பதில்லை. அசைக்க வல்ல பெருநீரை ஏவுகின்றது. பொத்தானைத் திருகியவுடன் பேசாமல், குழல் சூடேறும் வரை அரை நிமிடம் மௌனமாயிருந்து பின்னரே பேசத் தொடங்குவது வால்வுப் பெட்டியின் இயல்பு. பொறுமையற்ற இக்காலத்தார்க்கு அவ்வரை நிமிடம் நீண்டதாகத் தோன்றலாம். எமக்கோ அதுவே அப்பெட்டியின் மரியாதையாகத் தோன்றுகின்றது.

வால்வுகளின் பெயர்களைக் கண்டபொழுது இலக்கணம் பயில்வோராகிய எமக்குண்டான மகிழ்ச்சி சிறிதன்று. எம் பெட்டியில் உள்ளவை ஐந்து: இ.சி.எச். 81, இ.எப். 89, இ.பி.சி. 81, இ.எல். 84, இ.இசட். 80. மேனாட்டார் வகுத்த முறைப்படி இப்பெயர்கள் பகுபதம்போற் பிரித்துப் பொருள் கொள்ளத்தக்கவை. முதலெழுத்தாகிய 'இ' சூடேற்றும் இழைக்கு 6.3 வோல்ட்டு வேண்டும் என்பதை உணர்த்தும். 'சி' மூவுறுப்பு வால்வையும், 'எப்' ஐயுறுப்பு வால்வையும், 'பி' இணைந்த ஈருறுப்பு வால்வு இரண்டையும், 'எல்' ஒலிபெருக்கியை இயக்கும் ஆற்றல் வால்வையும், 'இசட்' மாறு மின்னோட்டத்தை நேராக்கும் வால்வையுங் குறிக்கும். எட்டு என்னும் எண் ஒன்பது முள்ளுடைய அடிப்பகுதியைக் காட்டும். பகுதி, விகுதி, இடைநிலை என்று நாம் சொற்களைப் பிரித்துக் கற்கின்றோம். ஒரு கண்ணாடிக் குமிழின் மேற் பொறித்த நான்கைந்து குறிகளில் இத்துணைச் செய்தியை அடக்கியவரும் நல்லிலக்கணம் அறிந்தவரே. 1960களில் பெங்களூரிலுள்ள பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையிலேயே இவ்வால்வுகள் செய்யப்பட்டு நாடெங்கும் வழங்கின. ஆதலின் இவை முற்றும் வெளிநாட்டுப் பொருள்கள் என்று எண்ணற்க.

ஈண்டு ஓர் எச்சரிக்கையைக் கூறாது செல்லுதல் தகாது. வால்வுகளின் பெயர் 'இ' என்று தொடங்காது 'யு' என்று தொடங்குமாயின், அப்பெட்டியில் மின்மாற்றி இராது. இழைகள் அனைத்தும் சங்கிலிபோற் கோக்கப்பட்டு நேரே வீட்டு மின்கம்பியோடு இணைந்திருக்கும். அத்தகைய பெட்டியின் உலோக அடித்தட்டே மின்னேறியதாய் இருக்கக்கூடும். நேரோட்டம் வழங்கிய ஊர்க்கும் மாறோட்டம் வழங்கிய ஊர்க்கும் பொதுவாகச் செய்யப்பட்ட இப்பெட்டிகளைப் பழக்கமில்லாதார் திறத்தல் உயிர்க்கு இறுதி பயக்கும். மின்மாற்றியுள்ள பெட்டியாயினும், கம்பியைப் பிடுங்கிய பின்னரும் பெரிய மின்தேக்கிகளில் மின்னேற்றம் தங்கியிருக்கும். அதனை உரிய தடையின் வாயிலாக வெளியேற்றிய பின்னரே கைவைத்தல் வேண்டும். ஒரு கையைப் பின்னே வைத்துக்கொண்டு மற்றொரு கையால் வேலை செய்க என்று பழைய பழுதுபார்ப்போர் சொல்வது மூடநம்பிக்கையன்று. மின்னோட்டம் ஒரு கையினின்று மறு கைக்கு மார்பினூடே பாயாதிருத்தற்கு வகுத்த விதி அது.

எம் இல்லத்துப் பெட்டியை மீட்டது எவ்வாறு என்பதையுஞ் சிறிது சொல்வோம். பல்லாண்டு கிடந்த பெட்டியை இறக்கியவுடன் மின்னிணைப்புக் கொடுத்துப் பார்த்தல் பெரும்பாலார் செய்வது. அதனாலேயே பெரும்பாலான பெட்டிகள் இறக்கின்றன. யாம் ஊரிலுள்ள முதிய பழுதுபார்ப்பவர் ஒருவரைக் கேட்டோம். அவர், "தம்பி, முதல்ல கண்ணால பாருங்க, அப்புறம் மூக்கால பாருங்க, கடைசியாத்தான் கரண்டு" என்றார். கண்ணாற் பார்த்தபொழுது எலி கொறித்த கம்பிகளும், கரப்பான் உறைந்த மூலைகளும், அறுந்து தொங்கிய டயல் நூலுங் காணப்பட்டன. ஒரு வால்வின் உச்சியில் வெள்ளிக் கண்ணாடிபோல் இருக்கவேண்டிய பூச்சுப் பால்போல் வெளுத்திருந்தது. அவ்வெண்மை காற்று உட்புகுந்தமைக்கு அடையாளமாகும், அவ்வால்வு இறந்ததே. மற்றை நான்கும் நலமாயிருந்தன. மூக்காற் பார்த்தபொழுது மின்மாற்றியிற் கருகிய நாற்றம் இல்லை, அது பெரும்பேறு. பின்னர், அறுபது வாட் இழைவிளக்கொன்றைப் பெட்டியோடு தொடராக இணைத்து மின்னோட்டம் விடச் செய்தார். உள்ளே குறுக்கிணைப்பு இருப்பின் அவ்விளக்கு முழு ஒளியோடு எரிந்து பெட்டியைக் காக்கும். இல்லையாயின் முதலில் ஒளிர்ந்து படிப்படியே மங்கும். எம் விளக்கு மங்கியது.

மின்தேக்கிகளைப் பற்றி ஒரு சொல். பழுதுபார்ப்போர் கண்டன்சர் என்று வழங்கும் இவற்றுள், மெழுகுத்தாளாற் செய்யப்பட்டவை காலப்போக்கில் ஈரம் உறிஞ்சி மின்னைக் கசியவிடும். அவற்றுள்ளும் ஆற்றல் வால்வின் வலைக்கு முன் நிற்கும் ஒன்று கசியுமாயின், மதகு முற்றுந் திறந்ததுபோல் அவ்வால்வில் அளவிறந்த மின்னோட்டம் ஓடும். வால்வும் கெடும், ஒலிபெருக்கிக்கு முன்னுள்ள மின்மாற்றியுங் கெடும். சில ரூபாய் விலையுள்ள சிறு பொருள் ஒன்று பெட்டி முழுவதையும் அழிக்கவல்லதாதல் இங்ஙனம். அதனையும் வேறு சிலவற்றையும் மாற்றினோம். இறந்த வால்விற்கு ஈடாக மற்றொன்று சென்னை ரிச்சி தெருவிற் கிடைத்தது. டயல் நூலைச் சுற்றுதற்கு மட்டும் ஒரு பகல் முழுதுஞ் சென்றது. அது எவ்வழியே எத்தனை சுற்றுச் செல்லவேண்டும் என்பதை அறிந்தவர் ஊரில் அம்முதியவர் ஒருவரே. அலைவரிசையைத் திருத்தும் சிறு திருகுகளை யாம் தொடவில்லை. தொழிற்சாலையில் 455 கிலோஹெர்ட்ஸ் என்னும் இடையலைக்கு இசைய வைக்கப்பட்ட அவற்றைக் காரணமின்றித் திருகுவது, சுருதி சேர்ந்த வீணையின் பிரடைகளைச் சிறுவன் கையிற் கொடுப்பதை ஒக்கும்.

நிற்க. தமிழ் மாணவர் இதனை எழுதப் புகுந்தது ஏன் என்னும் வினாவிற்கு இப்பொழுது விடை கூறுவோம். சிதைந்த ஏட்டுச் சுவடியை அச்சேற்றுவோர்க்கும், சிதைந்த பெட்டியைப் பேச வைப்போர்க்கும் கடமை ஒன்றே. உ. வே. சாமிநாதையர் அவர்கள் 1887 இல் சீவக சிந்தாமணியையும், 1894 இல் புறநானூற்றையும் பதிப்பித்தபொழுது, கறையானும் இராமபாணமும் அரித்த ஏடுகளையே பெரும்பாலும் கொண்டிருந்தார். புறநானூற்றில் 267, 268 ஆம் பாட்டுக்கள் கிடைத்தில. வேறு பல பாட்டுக்களில் அடிகள் சிதைந்துள்ளன. ஐயரவர்கள் தாமே செய்யுள் இயற்ற வல்லவர். அவ்விடங்களைத் தம் பாட்டால் நிரப்பியிருப்பின் அக்காலத்து அறிந்துகொள்வார் மிகச் சிலரே. அவர் அது செய்திலர். இல்லாததை இல்லை என்றே காட்டினார். பல பிரதிகளிற் கண்ட பாடபேதங்களைக் குறித்து வைத்தார். அந்நேர்மையினாலன்றோ இன்று நாம் அந்நூலை நம்பிக் கற்கின்றோம்? ஏட்டின் சட்டத்தையும் கயிற்றையும் மட்டும் வைத்துக்கொண்டு, ஓலைகளை எறிந்துவிட்டு, அவற்றினிடையே நேற்றைய நாளிதழைச் செருகி, 'புறநானூற்றைப் புதுக்கினோம்' என்று ஒருவர் சொல்வாராயின் நாம் யாது கூறுவோம்? வால்வுகளைப் பிடுங்கிப் புளூடூத் பலகையைச் செருகுவோர் செய்வது அதுவே.

இவ்வொப்புமையினின்று நடைமுறை விதிகள் சில பிறக்கின்றன. முகப்புக் கண்ணாடியில் உள்ள எழுத்துக்களைச் சாராயங் கலந்த திரவத்தால் துடைக்கலாகாது. அவை ஒரே துடைப்பில் மறைந்துபோம். அங்குக் குறித்த இடமும் இன்றைய நிலையம் கேட்கும் இடமும் சிறிது வேறுபடினும் எழுத்தைத் திருத்தலாகாது. 1978 நவம்பரில் நடுவலைவரிசை ஒன்பது கிலோஹெர்ட்ஸ் இடைவெளியுடையதாக மாற்றி வகுக்கப்பட்டதனாலும் அவ்வேறுபாடு நேரும், அதுவும் வரலாறே. மாற்றிய பழைய உறுப்பை எறியாமல் ஒரு பையிலிட்டுப் பெட்டியினுள்ளேயே வைத்தல் வேண்டும். மாற்றியது யாது, எந்நாளில், எதற்கு ஈடாக எது என்பதை ஒரு தாளில் எழுதிப் பின்பலகையின் உட்புறம் ஒட்டுதல் வேண்டும். பாடபேதக் குறிப்பு என்பது அதுவே. பழைய மின்தேக்கியின் காகித உறையைக் குடைந்து, புதியதை அதனுள் மறைத்துவைத்து, பழையதுபோலவே தோன்றச் செய்வார் சிலர் உளர். அத்திறமையை யாம் வியக்கின்றோம்; எனினும் அத்தாள் இன்றி அது செய்யப்படுமாயின் போலியேடு எழுதுதலோடொக்கும் என்பதையுஞ் சொல்லாதிருத்தல் இயலாது.

மரப்பெட்டி பற்றி மிகுதியாகக் கூறவேண்டுவதில்லை. கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் 2021 இல் புவிசார் குறியீடு பெற்றது யாவரும் அறிந்ததே. தேர்ச் சிற்பமும் தெய்வ வடிவமுஞ் செதுக்கும் கைகள் உள்ள ஊரில், பெயர்ந்த மேற்பூச்சுப் பலகையை ஒட்டுதற்கும் அவலரக்கைச் சாராயத்திற் கரைத்து மெருகிடுதற்கும் ஆளில்லாமற் போகாது. ஆனால் அக்கலைஞரிடம் பெட்டியைக் கொடுக்கும்போது, புதிய செதுக்கு வேலை ஒன்றும் வேண்டா என்பதை முன்னரே சொல்லுதல் நலம். அன்பு மிகுதியால் அன்னமும் யாளியும் அமைத்துவிடுவர்!

எதிர்ப்போர் கூறும் வாதங்களையும் ஆராய்தல் நேர்மை. பவணந்தி முனிவர் நன்னூலிற் பழமை நீங்குதலையும் புதுமை புகுதலையும் ஏற்றுக்கொண்டாரன்றோ என்று தமிழ் கற்றவர் ஒருவரே எம்மை மறுத்தார். அம்முனிவர் சொன்னது, காலத்தின் இயல்பால் அவ்வாறு நிகழ்வது குற்றமாகாது என்பதே. நிகழ்த்தியே தீரவேண்டும் என்றாரல்லர். காலத்தால் கழிவது வேறு, திருப்புளியாற் கழற்றுவது வேறு. மற்றொருவர், வால்வுப் பெட்டி ஏறத்தாழ ஐம்பது வாட் மின்சாரம் உண்கின்றதே, கைப்பேசிக்கு அத்துணை வேண்டாவே என்றார். உண்மை. 1947 டிசம்பரில் அமெரிக்க நாட்டுப் பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் பிறந்ததன்பின் வால்வு தோற்றது அதனாலேயே. சட்டைப்பையில் அடங்கும் பெட்டிகள் வந்து மின்கம்பியில்லாச் சிற்றூர்களையும் எட்டின. பழைய பெட்டியை நாள் முழுதும் ஓடவிடுக என்று யாம் சொல்லவில்லை. மாலையில் ஒரு மணி நேரம் கேட்போர்க்கு அச்செலவு ஒரு பொருட்டன்று.

வலிமையுள்ள வாதம் மூன்றாவதே. மீட்ட பெட்டியிற் கேட்பதற்கு என்ன இருக்கின்றது என்பது அது. இதனை எளிதில் ஒதுக்குதற்கில்லை. 1941 இல் தொடங்கிய இலண்டன் பி.பி.சி.யின் தமிழ் ஒலிபரப்பு, தமிழோசை என்று நம் வீடுகளிற் பெயர் பெற்றது, 2017 ஏப்ரலோடு வானொலியில் நின்றது. நற்செய்தியைச் சிற்றலையிற் பரப்பிய சீஷெல்ஸ் தீவு பீபா நிலையம் 1970 முதல் ஒலித்து 2003 இல் ஓய்ந்தது. எம் திருச்சபையின் முதியோர் பலர்க்கு அதன் அடையாள இசை இன்னும் செவியிலிருக்கின்றது. நம் நாட்டிலும் பிரசார் பாரதி நிறுவனத்தார், நடுவலை ஒலிபரப்பிகள் பழையன, மின்செலவு மிகுந்தன என்று கூறி, கடந்த சில ஆண்டுகளிற் பல ஊர்களில் அவற்றை மூடி, எப்.எம். நிலையங்களைப் பெருக்குகின்றனர்.

எப்.எம். ஒலியின் தெளிவை யாம் மறுக்கவில்லை. ஆயின் மலைநாட்டார்க்கு அஃது ஈடாகுமா என்பதே கேள்வி. எப்.எம். அலையின் நீளம் ஏறத்தாழ மூன்று மீட்டர். அது ஒளிபோல் நேராகச் செல்வது. மலை குறுக்கிட்டால் மறுபுறத்துப் பள்ளத்தாக்கில் நிழல் விழும். திருச்சிராப்பள்ளி நிலையம் நெடுங்காலம் ஒலித்த 936 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளமோ 320 மீட்டர். அது நிலத்தைத் தழுவி வளைந்து செல்லும். இரவிலோ வானின் மேலடுக்கிற் பட்டுத் திரும்பி நூற்றுக்கணக்கான மைல் கடக்கும். கல்வராயன் மலையைக் கண்டவர் இவ்வேறுபாட்டின் பொருளை உணர்வர். சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என இரு கூறாய்க் கிடந்து, மடிப்பு மடிப்பாய் எழுந்து, பள்ளங்களிலே சிற்றூர்களை ஒளித்து வைத்திருக்கும் மலை அது. 1976 வரை ஜாகீர்தார் ஆட்சியின் கீழ் இருந்தமையால், சாலையும் பள்ளியும் மின்சாரமும் பிற இடங்களினும் பிந்தியே அங்குச் சென்றன. கைப்பேசி அலையும் அங்கு எல்லாவிடத்தும் எட்டுவதன்று. மழைக்காலத்தே கம்பி அறுந்து, சாலை சரிந்து, கைப்பேசிக் கோபுரமும் ஓய்ந்த இரவில், புயற் செய்தியை அப்பள்ளங்களுக்குக் கொண்டுசெல்லத்தக்கது இரண்டு மின்கலங்களில் ஓடும் சிறு டிரான்சிஸ்டரும் நடுவலையுமே. வால்வுப் பெட்டியும் அவ்வலையையே பற்றுவது. வால்வுப் பெட்டிக்காரரும் மலைவாழ் மக்களும் ஒரே அலையை நம்பி நிற்கின்றனர். ஒலிபரப்பியை மூடுவோர் கேட்போர் தொகையைச் சென்னையிலும் தில்லியிலும் எண்ணுகின்றனர். வெள்ளிமலையிலும் கரியாலூரிலும் எண்ணியபின் முடிவு செய்யட்டும்.

இன்னொரு செய்தியும் ஈண்டுச் சொல்லத்தக்கது. கள்ளக்குறிச்சி நகரில் எம் பெட்டியைத் திருகினால், எல்.இ.டி. விளக்குகளும் கைப்பேசி மின்னேற்றிகளும் இன்வெர்ட்டர்களும் எழுப்பும் இரைச்சல் நிலையத்தின் குரலை மூடிவிடுகின்றது. தெருவில் மின்சாரம் நின்றால் அவ்விரைச்சல் நிற்கும். அப்பொழுது எம் பெட்டியும் நிற்கும் என்பது வேடிக்கை. வெள்ளிமலையில் நண்பர் இல்லத்தில் அதனையே வைத்துக் கேட்டபொழுது, இரவு எட்டு மணிக்கு மேல் தொலைவிலுள்ள நிலையங்கள் பலவும் அடுத்த அறையினின்று பேசுவனபோற் கேட்டன. பெட்டியிற் பழுதில்லை, ஊரின் வானத்திலேதான் பழுது என்று அன்று கண்டோம். உள்ளீட்டைப் பிடுங்குவோருட் பலர், இவ்விரைச்சலைக் கேட்டே பெட்டி கெட்டது என்று முடிவு செய்கின்றனர் என்று ஐயுறுகின்றோம்.

கைப்பேசியிலுள்ள பாட்டைப் பழைய பெட்டியின் இனிய குரலிற் கேட்டே தீரவேண்டும் என்பார்க்கும் வழி உண்டு. அக்காலத்துப் பெட்டிகள் பலவற்றின் பின்புறத்தே இசைத்தட்டுக் கருவியை இணைத்தற்கு இரு துளைகள் விடப்பட்டிருக்கும். மின்மாற்றியுள்ள பெட்டியாயின், கைப்பேசியினின்று வரும் கம்பியை அறிந்தவர் உதவியோடு அங்கே இணைத்தாற் போதும். ஒரு திருகையுங் கழற்ற வேண்டா, வேண்டாதபோது பிடுங்கிவிடலாம். மேலே சொன்ன 'யு' வகைப் பெட்டிகளில் இதனை நேரே செய்யலாகாது. எழுபதாண்டுக்கு முன்னர்ச் செய்தவர் விருந்தினர்க்கென்று வாயில் ஒன்றைத் திறந்து வைத்திருக்க, நாம் சுவரை இடித்து உட்புகுவது என்ன அறியாமை!

இறுதியாக, எம் கல்லூரிப் பௌதிகத் துறையார்க்கு ஒரு விண்ணப்பம். வால்வுப் பெட்டியின் மின்வழியை வரைபடமின்றியே சொல்லவல்ல முதியோர் நம் மாவட்டத்திற் சிலரே எஞ்சியுள்ளனர். அவர்களுள் எழுபதைக் கடவாதார் அரியர். அவர்கள் கற்றது எப்புத்தகத்திலும் இல்லை. அவர்களுள் ஒருவரைத் திங்களுக்கு ஒருமுறை கல்லூரிக்கு அழைத்து, அவர் சொல்வதைத் தமிழிலேயே எழுதிவைக்கும் பணியைத் தமிழ்த் துறை மாணவராகிய யாம் ஏற்கின்றோம். துறையார் தரவேண்டுவன ஆய்வகத்தில் ஒரு மேசை, அலையியற்றி ஒன்று, மின்னளவி ஒன்று, மின் பாதுகாப்பு அறிந்த ஆசிரியர் ஒருவரின் மேற்பார்வை. காலம் சனிக்கிழமைப் பிற்பகல் இரண்டு மணி நேரம். பெட்டிகளை யாம் கொணர்வோம்.